மரியாதை தெரியாத யூன்

"சாப்பிட மட்டும் வாய் திறக்குது. ஒரு வணக்கம் சொல்ல முதுகு வளையாதா உனக்கு?"

சைக்கிளைப் பூட்டிக்கொண்டே கேட்டான் வின்ஸர். யூன் வழக்கம்போலச் சந்தை முனையில், மீன்கடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

இருவரும் மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையின் ஊழியர்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் பெயர்ப்பட்டை. வின்ஸர் அமெரிக்கப் பையன், பத்தொன்பது வயது. யூன் கொரியாக்காரன்தான். அவன் ஊர் வடக்கே சுன்ச்சோன்; தெற்கே இந்த ஜின்ஜு ஊருக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது.

இரண்டு வருஷ ஊழியம் முடியும்வரை வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. சொந்தக்காரர்களைப் பார்க்கக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், மே மாதம் அன்னையர் தினத்துக்கு ஒரு போன், அவ்வளவுதான். அதுவரை இவனுக்கு அவன், அவனுக்கு இவன். ஒருவர் கண்ணை விட்டு ஒருவர் மறையக் கூடாது. தாலி கட்டாத குறைதான்.

வரும் ஞாயிறு அன்னையர் தினம். அம்மாவிடம் என்னென்ன பேசலாம் என்று வின்ஸர் ஒரு மாதமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த ஊரில் அவனுக்கு இருந்த ஒரே ஆறுதல் சந்தையில் இருந்த ஒரு தொடுகறிக் கடைதான். கடைக்காரியைச் சந்தையில் எல்லோரும் சித்தி என்றே கூப்பிட்டார்கள், அவனும் அப்படித்தான். வியாழக்கிழமை தோறும் கூப்பிட்டு நெத்திலி வறுவல், தாமரைக் கிழங்கு, கிம்ச்சி என்று ஒரு டப்பா நிறையக் கொடுப்பாள். காசு நீட்டினால் கையில் அடிப்பாள்.

அறைக்குப் போனதும் அந்த டப்பாவில் முக்கால்வாசி யூன் வயிற்றுக்குள் போய்விடும். கொடுத்த மகராசிக்கு மட்டும் ஒரு கும்பிடு கிடையாது. பெரியவர்களைக் கண்டால் இடுப்பை ஒடிக்கிற நாட்டில் பிறந்தவன்! வின்ஸருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று கொரியாவில் பெற்றோர் தினம். பிள்ளைகள் கொடுத்த சிவப்புக் கார்னேஷன் பூவைச் சந்தைப் பெண்கள் எல்லோரும் சட்டையில் குத்தியிருந்தார்கள். சித்தி நெஞ்சில் மட்டும் பூ இல்லை.

வின்ஸர் ஒரு பூ வாங்கிக்கொண்டு போய் இரண்டு கையாலும் நீட்டினான்.

"எனக்கா? அடப் பாவி, அழ வைக்கிறியே!" சித்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டே குத்திக்கொண்டாள். "உங்கம்மாகிட்ட எப்போ பேசுவே?"

"ஞாயித்துக்கிழமை. நாப்பது நிமிஷம்."

"நாப்பது நிமிஷமா! கிடைச்சதை வச்சுக்கோ தம்பி, அதுவே பெரிசு."

"உங்களுக்குப் பசங்க இல்லையா சித்தி?"

"ஒருத்தன் இருக்கான்."

"தூரத்துலயா?"

"ஆமா. நடந்து போக முடியாத தூரம்." டப்பாவில் நெத்திலியை அமுக்கி அமுக்கி நிரப்பினாள். "ரெண்டு பேரும் நல்லா தூங்கறீங்களா? ரூம்ல குளிர் விட்டுச்சா?"

தன் கூட்டாளியையும் சேர்த்து விசாரிக்கிறாளே என்று வின்ஸருக்கு மனசு பொறுக்கவில்லை.

"சித்தி, என் கூட வரானே, அவனுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். நீங்க குடுக்கறதை மூக்குப்பிடிக்கத் தின்னுட்டு, உங்க பக்கம் திரும்பக்கூட மாட்டேங்கறான். அவனைப் பெத்தவ ஒரு மரியாதையும் சொல்லிக் குடுக்கல போல."

சித்தியின் கை நின்றது. அப்புறம் சிரித்தாள்.

"ஆமா தம்பி. தப்பு அவ மேலதான்."

"நான் விடப்போறதில்ல. திங்கக்கிழமை எங்க தலைவருக்கு லெட்டர் எழுதறேன். இவனை வேற ஊருக்கு மாத்தச் சொல்லி."

கரண்டி தாமரைக் கிழங்குத் தட்டில் விழுந்தது. சித்தி கையைக்கூடத் துடைக்காமல் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளைத் துணியில் சோயா கறை பரவியது.

"எழுதாதே தம்பி. எழுதிடாதே."

"ஏன் சித்தி? அவன் எங்க போனா உங்களுக்கென்ன?"

"சுன்ச்சோன்ல நல்லா ஓடிக்கிட்டிருந்த கடையை வித்துட்டு இங்க வந்திருக்கேன். இன்னொரு கடை விக்க எங்கிட்ட இல்ல."

வின்ஸர் முனையைப் பார்த்தான். யூன் இன்னும் அந்தப் பக்கம் திரும்பித்தான் நின்றான். அவன் தோள் குலுங்கியது இங்கிருந்தே தெரிந்தது.

"அவனா... உங்க..." வின்ஸர் சித்தி பக்கம் திரும்பினான். "அப்படின்னா ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்கலாமே சித்தி! பெத்த தாயை இப்படியா..."

"அவனைத் திட்டாதே. கிறிஸ்துமஸுக்குப் போன் பண்ணினப்போ நான்தான் சொன்னேன், 'கடைப் பக்கம் வந்தா முகத்தைக் காட்டாதேடா, பார்த்தேன்னா ஓடிவந்து கட்டிப்பிடிச்சு உன் ரெண்டு வருஷ விரதத்தை நானே கெடுத்துடுவேன்'னு."