குதிரை மூச்சு விடும் வரை

பயிற்சி முற்றத்தில் கவசங்கள் வெயில் பட்டுக் கண்ணைப் பறிக்கின்றன. இன்றும் விழுந்தால் வீரப் பட்டக் கனவுக்கு முழுக்குதான் என்று பயிற்சியாளர் அவளிடம் சொல்லிவிட்டார். மற்றவர்கள் எல்லாரும் குதிரை ஏறியாயிற்று. அவள் மட்டும் சேணத்தின் வயிற்றுவாரைப் பிடித்தபடி நிற்கிறாள். அவளுடைய கிழட்டுக் குதிரை, வாரை இறுக்கும்போது மூச்சை அடக்கி வயிற்றை உப்பிக்கொள்ளும். ஏறியதும் மூச்சை விடும். வார் தளர்ந்து சேணம் சரியும், அவள் மண்ணில் கிடப்பாள். "என்னடி, குதிரைகிட்ட சம்மதம் கேக்குறியா?" என்கிறான், முன்னால் குதிரைமேல் இருக்கும் அண்ணன். எல்லாரும் சிரிக்கிறார்கள். "நீ போண்ணா, பின்னாலயே வரேன்." ஓர் ஈ குதிரையின் காதைச் சுற்றுகிறது. அவளுக்கு அவசரமே இல்லை. கடைசியில் புஸ்ஸென்று மூச்சு வெளிவருகிறது, வயிறு அமுங்குகிறது. சட்டென்று வாரை இரண்டு துளை ஏற்றி இறுக்குகிறாள். "அகப்பட்டியாடி, கள்ளி!" கழுத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறி உட்காருகிறாள். சேணம் இம்மியும் அசையவில்லை.