ஆடிப்போன படம்

பழைய வீடியோ கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பயிற்சி தாராவியில் நடந்துகொண்டிருந்தது. கோமதியம்மாள் கொண்டுவந்த கல்யாணக் கேசட்டைப் பூஞ்சை துடைத்து ஓடவிட்டாள் மாரீஸ்வரி. புகைக்குள் நடப்பதுபோல் ஆட்கள் மிதந்து போனார்கள்.

"ஒங்க கல்யாணமா சித்தி?"

"பாருளா."

"கேமராக்காரன் கிறுக்கனா? பொண்ணு மாப்பிள்ளைய விட்டுட்டு, பாயசம் ஊத்துற தாவணிப் பிள்ளையவே பிடிச்சிருக்கான்!"

"கிறுக்கன்தான்" என்று சிரித்தாள் கோமதியம்மாள்.

தாவணிப் பெண் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். உடனே படம் கிடுகிடுவென ஆடியது. பந்தலும் விளக்குகளும் சுழன்றன.

"பிடிக்கவே தெரியல. டிஸ்க்ல எடம் கம்மி சித்தி, நல்ல கேசட்டத்தான் ஏத்தச் சொல்லியிருக்காவ. இது தேறாது."

நிறுத்தப் போன கையைக் கோமதியம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"இது எங்கல்யாணம் இல்ல, சொந்தத்துல ஒரு கல்யாணம். பாயசம் ஊத்துறது நாந்தாம்ளா. பிடிச்சவரு எங்க வீட்டுக்காரரு. அன்னைக்குத்தான் என்னைய மொதமொத பாக்காரு. ஊரையே படம் பிடிச்ச மனுசன், தான் ஒரு போட்டோலகூட நிக்காமலே போய்ச் சேந்துட்டாரு. நான் நிமிந்ததும் நடுங்குச்சே அந்தக் கை, அதுதான் எனக்கு மிச்சம்."

மாரீஸ்வரி கேசட்டை ஆரம்பத்துக்கு ஓட்டி, பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.