கதவோரத்து ஆள்

ஜெபக் கூட்டத்தில் கதவோரம் உட்கார்ந்திருந்த ஆள் பாடவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. சட்டைப் பையில் செல்போன் பாதி வெளியே தெரிந்தது. கேமரா பாடிக்கொண்டிருந்தவர்கள் பக்கம் இருந்தது.

யுவராணி பாடிக்கொண்டே அந்தக் கேமராவையே பார்த்தாள். போன மாதமும் இப்படித்தான் ஒருவன், ஜெபம் செய்ய வேண்டும் என்று சொல்லி வந்து, பின்னால் உட்கார்ந்து படம் எடுத்தான். பாட்டு முடிவதற்குள் பத்துப் பதினைந்து பேர் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். போதகர் கலைமணியின் இடது கையில் போட்ட மாவுக்கட்டை இன்னும் பிரிக்கவில்லை.

அந்த வீடியோ மாவட்டம் முழுக்கப் போனில் சுற்றியது. யுவராணியிடம் துணி தைக்கக் கொடுப்பவர்கள் வேறு கடை பார்த்துப் போய்விட்டார்கள். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் வீட்டில் பதினோரு பேர் கூடிவிடுவார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு, கைதட்டாமல், ஒற்றை விரலால் உள்ளங்கையில் தாளம் போட்டு மெதுவாகப் பாடுவார்கள். பயந்துகொண்டே ஆரம்பித்தாலும் இரண்டாவது பாட்டுக்குள் எல்லார் முகத்திலும் சிரிப்பு வந்துவிடும். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது.

இன்றைக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை.

பாட்டு நடுவே சவுரியப்பன் போதகர் பக்கம் குனிந்தார். சவுரியப்பன் கத்தோலிக்கர், ஆர்.சி. கோயிலுக்குப் போகிறவர். இந்த வீட்டுக் கூட்டத்தை ஊரெல்லாம் கிண்டல் செய்தவரும் அவர்தான். ஆனால் அடி விழுந்த மறுவாரத்திலிருந்து, பூசை முடிந்த கையோடு இங்கே வந்து, கதவுக்கு நேராக உட்கார்ந்துகொள்கிறார். எவன் உள்ளே வந்தாலும் முதலில் தன்னைத் தாண்டித்தான் வரவேண்டும் என்பது அவர் கணக்கு.

"யாருங்க அந்த ஆளு?"

"பேரு கோவிந்தனாம். ஏரியூர்ப் பக்கமாம்."

"ஏரியூரா? மூணு பஸ் மாறணுமே! அம்மாந்தூரத்துலருந்து இங்க எதுக்கு வரணும்?"

"தெரியலீங்க. வந்தவங்களப் போன்னு சொல்ல முடியுமா? உக்காரட்டும்." சொல்லிவிட்டுப் போதகரும் கதவுப் பக்கம் பார்த்தார்.

அப்போது தெருமுனையில் பைக் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, மூன்று நான்கு. வீட்டை நெருங்க நெருங்க வேகம் குறைந்தது. பாட்டு பாதியில் நின்றது. ஒருத்தி தன் பிள்ளையை மடிக்குள் இழுத்து முந்தானையால் மூடினாள்.

கோவிந்தன் சட்டென்று எழுந்து கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தான்.

"தொறந்து வுடப் போறான்!" என்று யுவராணி அலறினாள்.

சவுரியப்பன் பாய்ந்து அவன் கையைப் பிடித்து முறுக்கினார். செல்போன் தரையில் விழுந்து சறுக்கியது. வெளியே பைக்குகள் வாசலில் ஒரு நிமிடம் உறுமிவிட்டு, ஹாரன் அடித்துக்கொண்டே போய்விட்டன.

"தொறக்கலீங்க... தாப்பா சரியா விழுந்திருக்குதான்னுதான் பாத்தேன்," என்றான் கோவிந்தன்.

"போனைத் தொற. என்ன படம் புடிச்சேன்னு பாக்கலாம்."

அவன் மறு கையால் போனை எடுத்தான். இரண்டு முறை தப்பாக அழுத்தி மூன்றாவது முறை திறந்தான். சவுரியப்பன் பிடுங்கிப் பார்த்தார். இன்றைக்கு எடுத்த படம் எதுவும் இல்லை. இருந்தது ஒரே ஒரு வீடியோ. இதே அறை, இதே ஆட்கள், கதவு உடைகிற சத்தம், போதகரின் அலறல்.

"பாத்தீங்களா! அந்தக் கூட்டத்து ஆளேதான்!"

யுவராணி சுவரோடு சாய்ந்துவிட்டாள். போதகர் மட்டும் எழுந்து வந்து கோவிந்தன் எதிரில் நின்றார்.

"இது உங்ககிட்ட எப்படி வந்துச்சுங்க?"

"எங்கூருப் பசங்க அனுப்புனாங்க. டீக்கடையில வெச்சு எல்லாரும் பாத்துச் சிரிச்சாங்க."

"நீயும் சிரிச்சயா?" என்று சவுரியப்பன் பல்லைக் கடித்தார்.

"சிரிச்சனுங்க." கோவிந்தன் தலை குனிந்துகொண்டான். "சிரிக்கலன்னா கண்டுபுடிச்சிருவாங்களே."

"என்னத்தக் கண்டுபுடிப்பாங்க?"

அவன் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ஒம்பது வருசத்துக்கு முன்ன பெங்களூருல கட்டடத்துக்கு சென்ட்ரிங் அடிக்கற வேலைக்குப் போனப்ப, கூட இருந்த ஒருத்தரு பைபிள் குடுத்தாருங்க. தோட்டத்து மோட்டார் ரூம்புல ஒளிச்சு வெச்சுப் படிக்கறேன். வூட்ல கூட யாருக்கும் தெரியாது. பாட்டெல்லாம் வாய்க்குள்ளயே பாடிப் பழகிப்போச்சு. இப்ப சத்தம் போட்டுப் பாட வரமாட்டேங்குது."

சவுரியப்பனின் பிடி தளர்ந்தது.

"வீடியோல செவுத்துல தையக்கடை போர்டு தெரிஞ்சுது. ஊர் பேரும் இருந்துச்சு. அத வெச்சுத்தான் விசாரிச்சுகிட்டு வந்தேன்."

"எங்களப் போட்டு அடிக்கறதப் பாத்த பொறவுமா இங்க வரணும்னு தோணுச்சு?" என்று கேட்டாள் யுவராணி. "எங்களுக்கே பயமா இருக்குது. உங்களுக்குப் பயமே இல்லீங்களா?"

"பயம் இருக்குதுங்க. ஆனா அடி விழறதுக்கு முன்ன நீங்க அத்தன பேரும் ஒண்ணாப் பாடறது இருக்குதே..." கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"அதப் பாக்கற வரைக்கும், நான் ஒருத்தன் மட்டுந்தான்னு நெனச்சிட்டிருந்தனுங்க."