அடுத்த அறையிலிருந்து வந்த ஒளி

பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுகளா, வெளிச்சம் வந்த கதை ஒன்று சொல்கிறேன்.

மைசூரில் ஓர் ஆய்வுக்கூடம். உள்ளறையிலே கடுங்குளிர்ப் பெட்டி. அங்கிருந்து ரூபா மிக மெல்லிய மைக்ரோவேவ் குவாண்டம் சிக்னலை அனுப்ப வேண்டும். அது ஒளியாக மாறி, கண்ணாடி இழை வழியாக வெளியறையில் சேகரனின் கருவிக்கு வந்து சேர வேண்டும். அதுவரை உள்ளறைக் கதவை யாரும் திறக்கக் கூடாது. திறந்தால் சிக்னல் கெட்டுவிடும்.

இன்றும் ஒளி வராவிட்டால் கூடத்தையே மூடிவிடுவோம் என்று சொல்லிவிட்டு, அதிகாரி மஞ்சுநாத் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

திரையில் புள்ளிகள் மின்னின.

"வந்துடுச்சு சார்!" சேகரன் துள்ளி எழுந்தார்.

"மெஷின் சூட்டுல தானா வர்ற வெளிச்சம் எதுவும் கலக்கலையே?"

"துளிகூட இல்ல சார். அத்தனையும் ரூபா அனுப்பினது."

"அப்போ இனிமே கவலைப்படாதீங்க. கூடம் நடக்கும்" என்று மஞ்சுநாத் கைகுலுக்கினார்.

எல்லோருக்கும் மைசூர்பாகு வந்தது.

"ரூபாவுக்கு ஒண்ணு எடுத்து வைங்கப்பா. பாவம், காலையிலேர்ந்து உள்ளேயே இருக்காங்க" என்றார் சேகரன்.

அப்போது வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு, தலையில் ஹெல்மெட்டோடு ரூபா ஓடி வந்தாள்.

"சாரி சார்! மண்டி மொஹல்லாவுல வண்டி நகரவே இல்ல, ஸ்வல்ப லேட்டாயிடுச்சு. இப்பப் போய் சிக்னல் அனுப்பட்டுமா?"

மஞ்சுநாத் மெல்லுவதை நிறுத்தினார்.

சேகரன் திரையைப் பார்த்தார். இன்னும் மின்னிக்கொண்டுதான் இருந்தது.

"வேண்டாம்மா" என்றார் மெதுவாக. "நீ அனுப்பி, வராமப் போயிடுச்சுன்னா?"

உங்கள் வீட்டுக்கு வரும் நல்ல சேதியெல்லாம், யாரோ மெய்யாகவே அனுப்பியதாக இருக்கட்டும், கண்ணுகளா.