கிளை, குனிங்க

பர்மாவின் தன்லியின் நகரில், ஏரிக்கரைப் பாதையில் குதிரை ஏற வருகிறவர்களுக்கு வழிகாட்டி ஹன்னா கண்டிப்பாகச் சொல்வது ஒன்றுதான். தாழ்ந்த கிளை வந்தால் முன்னால் போகிற அவள் "கிளை, குனிங்க" என்பாள். அதைக் கேட்டவர் குனிந்தபடியே தனக்குப் பின்னால் வருபவருக்குச் சொல்ல வேண்டும்.

அன்று மாலை அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் யாங்கோனிலிருந்து வந்திருந்த சுரேந்திரனும் அவன் மனைவி ராதாவும் மட்டுமே.

முதல் மூங்கில் வளைவில் ஹன்னா சொன்னாள். சுரேந்திரன் சொன்னான். கடைசியில் வந்த ராதா சொன்னாள். அவளுக்கும் பின்னால் இன்னொரு பெண்குரல் சொன்னது.

"கோ சுரேந்திரன், பின்னாடி வேற யாரும் வர்றாங்களா?" பர்மிய வழக்கப்படி ஆண்பெயருக்கு முன் 'கோ' சேர்த்துக் கேட்டாள் ஹன்னா.

"இல்லியே மா ஹன்னா. நாங்க ரெண்டு பேர்தான்." அவனும் பெண்களுக்குரிய 'மா' சேர்த்தே பதில் சொன்னான்.

அடுத்த கிளையில் அந்தக் குரல் இருவருக்கும் நடுவில் கேட்டது. அதற்கடுத்த கிளையில், சுரேந்திரனை முந்திக்கொண்டு, ஹன்னாவின் முதுகுக்குப் பின்னாலேயே கேட்டது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. அவளுடைய குதிரை காதுகளைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டது.

ஒருவழியாக மூங்கில்கள் முடிந்து வெட்டவெளி வந்தது. தலைக்கு மேல் வானம் மட்டும்தான். ஹன்னாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"கிளை, குனிங்க" என்றது குரல், அவளுக்கு முன்னாலிருந்து.

பழக்கத்தில் ஹன்னா குனிந்துவிட்டாள். ஏதோ ஒன்று அவள் முதுகை மெல்ல உரசிக்கொண்டு பின்னால் போனது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சுரேந்திரனும் குனிந்து சொன்னான்.

ராதா சிரித்தாள். "இங்க ஏதுங்க கிளை?"

சிரிப்பு பாதியில் நின்றது. அவள் குதிரையின் குளம்பொலி மட்டும் நிற்காமல், முன்னைவிட இலேசாக, வந்துகொண்டிருந்தது.