தபாலிலேயே போகட்டும்

"டிரக்குக்குத் தவணை கட்ட முடியாம நான் முழிக்கறேன். நீ ஓய்வுக்காலக் கணக்குலேர்ந்து தர்மத்துக்குத் தூக்கிக் குடுக்கறே. பைத்தியமாப்பா உனக்கு?" என்று கர்ட் எரிந்து விழுந்தான்.

வெர்னன் செக் வைத்த கவரை ஒட்டிக்கொண்டிருந்தார். "என் வயசுக்கு அந்தக் கணக்குலேர்ந்து வருஷா வருஷம் கொஞ்சம் எடுத்தே ஆகணும்னு சட்டம். என் கைக்கு வந்தா வரி. கணக்கை வெச்சிருக்கிற கம்பெனிக்காரன் நேரா அந்த இல்லத்துப் பேர்லயே செக் போட்டுட்டா வரி இல்ல. என் பணம், என் இஷ்டம்."

கர்ட்டின் குரல் சட்டென்று இறங்கியது. "சரி, கோவிச்சுக்காத. அதை இப்படிக் குடு. நானே போய்க் குடுத்துட்டு வரேன்."

இந்தப் பாசம் எப்போது முளைத்தது என்று வெர்னன் நிமிர்ந்து பார்த்தார். "தபால்லயே போகட்டும்."

"கவர்ல வெறும் தபால் பெட்டி எண்தானே இருக்கு? தொலைஞ்சு போனா? இல்லம் எந்தத் தெருவுல இருக்கு, சொல்லு."

"தெரியாது."

"பணம் அனுப்பறவனுக்கு இடம் தெரியாதா? பெத்த பிள்ளைமேலயே நம்பிக்கை இல்ல. செக்கை நான் என்ன தின்னுடவா போறேன்?"

வெர்னன் மேஜையில் ஓங்கி அறைந்தார்.

"செக்கைத் திருடுவேன்னு எவன்டா சொன்னான்? புருஷன்கிட்ட அடி வாங்கின பொண்ணுங்க ஒளிஞ்சிருக்கிற வீடுடா அது. பணம் குடுக்கறவனுக்கே விலாசம் சொல்ல மாட்டாங்க. உன் பொண்டாட்டி மார்லா அங்க இருக்காளா, இல்லையா, அதுவும் எனக்குத் தெரியாது."

கவரைக் கோட்டுப் பையில் செருகிக்கொண்டு எழுந்தார்.

"அவ மூக்கை உடைச்சது யாருன்னு மட்டும் தெரியும்."