சக்கரத்துக்கு ஆரத்தி

மலையிறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் போதும், தணிகாசலத்தின் பழைய காரோடு சேர்ந்து உலகமே உதறும். பற்கள் தந்தியடிக்கும். எதிரே வரும் பஸ் நாலாகத் தெரியும். சக்கரத்து பிரேக் டிஸ்க்கை மாற்றினால் சில வாரம் சாதுவாக இருக்கும், பிறகு மறுபடி பேயாட்டம்தான்.

இந்த முறை புதுசை மாட்டிய மெக்கானிக் ஜெபராஜ், பழைய டிஸ்க்கை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"நெளிஞ்சு போச்சு சார். மலை இறங்கின சூட்டுல யாராச்சும் பச்சத்தண்ணி ஊத்துறீங்களா?"

தணிகாசலத்துக்கு உடனே வீட்டு வாசல் நினைவுக்கு வந்தது. அவர் மலையிறங்கி வந்ததும் மனைவி மரகதம் ஆரத்தி சுற்றி முன்சக்கரங்களில் ஊற்றுவாள். உஸ்ஸென்று தெருவையே மறைக்கிற ஆவி கிளம்பும். "பாத்தீங்களா, எத்தன பேரு கண்ணு பொசுங்குது!" என்று பூரித்துப்போவாள்.

இன்றும் அவர் மலையிறங்கி வந்து கார் கதவைத் திறப்பதற்குள் தட்டோடு நின்றாள்.

"ஊத்தாத மரகதம்! இந்தத் தண்ணியாலதான் பிரேக்கே கெடுதாம்."

"நல்லா இருக்கே! இந்தத் தண்ணியாலதான் நீங்க முழுசா வந்து நிக்கிறீங்க. நாளைக்கு மகளையும் கைக்குழந்தையையும் வச்சுக்கிட்டு இறங்கணும். வேணாம்னா நீங்களே சாக்கடையில கொட்டுங்க."

தட்டை அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள்.

டிஸ்க்கின் அனல் கணுக்காலில் அடித்தது. ஜெபராஜ் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தணிகாசலம் சாக்கடைப் பக்கம் திரும்பினார்.

எதிர்வீட்டுக்காரர் கேட்டில் சாய்ந்தபடி காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ பழைய வண்டி, இன்னிக்கு எப்படி வெண்ணெயா நிக்குது சார்!"

தட்டில் சிவப்புத் தண்ணீர் தளும்பியது. அவர் கால்கள் தாமாகச் சக்கரத்தின் பக்கம் திரும்பின.